பழைய கிராமபோனும் நியாய விலையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனி இல்லங்கள் சிலவற்றின் பரண்மீது பாட்டனார் காலத்து இசைத்தட்டுகள் கிடக்கின்றன. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அங்கே மௌனமாய் இருக்கின்றனர். அவர்களைப் பாட வைக்க எண்ணிப் பழைய கிராமபோன் தேடுவோர் ஏமாறலாகாது என்பதே என் கவலை.

கல்கத்தாவில் 1902இல் கௌஹர் ஜான் பாடியது பதிவான காலந்தொட்டு இப்பெட்டி நம் நாட்டில் வேரூன்றியது. ஆயினும் இன்று மும்பைச் சோர் பஜார் போன்ற கடைவீதிகளில் பித்தளைக் குழலுடன் பளபளப்பவை யாவும் பழையவை அல்ல. சிறு கைப்பெட்டியின் இயந்திரத்தைப் புதிய மரப்பெட்டியில் பொருத்தி, நாய்ச் சின்னம் ஒட்டி விற்பதுண்டு. குழல் மெல்லிய தகடாயும் சின்னம் புத்தம் புதிதாயும் இருப்பின் ஐயுறுங்கள். அழகுக்கு வைக்கலாம், பழம்பொருள் விலை தரலாகாது. குழலில்லாத கைப்பெட்டியே நம்மனோர்க்கு ஏற்றது.

வாங்குமுன் முழுதும் சாவி கொடுத்து, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தை ஓட்டச் செய்யுங்கள். ஏறத்தாழ 3 நிமிடம் ஓடும். முடியுமுன் சுருதி இறங்கினால், சுருள்வில் தளர்ந்திருக்கும். அல்லது மசகு இறுகியிருக்கும். தட்டின் அடியில் காகிதத் துண்டு செருகி, நிமிடத்திற்கு 78 சுற்று வருகிறதா என்று எண்ணுங்கள்.

ரயில்வே எழுத்தனாகிய எனக்குத் தெரிந்தது கணக்கு. நன்கு பாடும் பெட்டியின் விலையை நாலிடத்தில் விசாரித்து, அதில் பழுது நீக்கும் செலவைக் கழியுங்கள். எஞ்சுவதே நியாய விலை. "அரிய பொருள்" என்னும் சொல்லுக்குத் தனிக் காசு வேண்டா.

சுருள்வில் அடங்கிய உருளையை வீட்டில் திறக்க வேண்டா. வில் சீறிக் கையைக் கிழித்துவிடும். தொழிலறிந்தவரிடம் ஒப்புவியுங்கள். ஒலிப்பெட்டியின் இறுகிய ரப்பர் வளையங்களை மாற்றினாலே குரல் பெரிதும் தெளியும். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்திற்கும் மாற்றுங்கள். ஊசியில் செய்யும் சிக்கனம் தட்டைத் தேய்த்துவிடும். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கலாகாது, அரக்கு கரையும். பிற்கால வினைல் தட்டுகளை இதில் வைத்தலும் ஆகாது.

அன்பர்களே, இதற்காக ஒருவரும் கடன்பட வேண்டா. பல குடும்பங்கள் கூடிச் சங்கத்திற்கென ஒன்று வாங்கலாம். வேற்றுமொழி ஒலிக்கும் ஊரில் வளரும் நம் பிள்ளைகள், தம் பாட்டியர் கேட்டு மகிழ்ந்த குரலை அதே தட்டில் கேட்கட்டும். தேய்ந்தும் உடைந்தும் போன தட்டு மீண்டும் பாடாது, இருப்பவற்றையேனும் காப்போம்.