அப்பா படித்த பாடசாலையும் மருத்துவ பீடத்தின் வாசலும்

(பெற்றோர் கூட்டத்தில் சங்கத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தோட்டங்களுக்குப் போகும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. "டாக்டர் வீட்டுப் பிள்ளைதானே டாக்டராகும்? நம்ம பிள்ளைக்கு சிபாரிசு பண்ண யார் இருக்கா?" இந்தப் பேச்சில் ஒரு பாதி தவறு, ஒரு பாதி சரி. எந்தப் பாதி எது என்று தெரியாமல் இருப்பதால்தான் நாம் நஷ்டப்படுகிறோம்.

முதலில், சிபாரிசு உண்மையாகவே சட்டம் போல நடக்கும் நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் பெயர் பெற்ற பல பல்கலைக்கழகங்கள், "உன் தாய் தகப்பன் இங்கே படித்தவர்களா?" என்று விண்ணப்பத்திலேயே கேட்கும். படித்திருந்தால் பிள்ளைக்கு முன்னுரிமை. இது நேற்று வந்த வழக்கமல்ல. 1920களில், குடியேறி வந்த யூத மக்களின் பிள்ளைகள் நல்ல புள்ளி எடுத்து உள்ளே வரத் தொடங்கியபோது, அவர்களைக் குறைக்கக் கையாண்ட வழிகளில் இதுவும் ஒன்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் மீதான வழக்கில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள்: பழைய மாணவரின் பிள்ளைகள் 100 பேர் விண்ணப்பித்தால் சுமார் 33 பேருக்கு இடம். மற்றவர்கள் 100 பேர் விண்ணப்பித்தால் சுமார் 6 பேருக்குத்தான்.

அங்கே முதல் பட்டம் எடுத்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. முதல் வாசலில் கிடைத்த சலுகை இரண்டாவது வாசல் வரை கூடவே வரும். மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், அந்த நாட்டின் மிக வசதியான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். மருத்துவத்துக்குப் பேர்போன ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் இந்த முன்னுரிமையை நிறுத்தியது. 2009இல் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 12.5 பேர் பழைய மாணவர் குடும்பத்தவர், 2019இல் 3.5 பேர். நிறுத்த மனம் இருந்தால் நிறுத்தலாம்.

இனி நம் நாடு. இலங்கையில் அரச மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கும்போது "அப்பா எங்கே படித்தார்" என்பதற்குப் புள்ளி கிடையாது. அதற்கு இசட் புள்ளி மட்டும்தான். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. அங்கேயும் லயங்கள் இருக்கின்றன என்பது பட்டியல் போட்டவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்!

ஆக, மருத்துவ பீட வாசலில் சிபாரிசு இல்லை. ஆனால் அந்த வாசலுக்குப் போகும் பாதையில், பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போதே ஒரு கடவை இருக்கிறது. தரம் ஒன்று அனுமதி.

நகரத்துப் பெரிய பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் கோரும் சுற்றறிக்கையைப் படித்துப் பாருங்கள். 50 வீதம் அருகில் வசிப்பவர்களுக்கு. 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. அப்பாவோ அம்மாவோ அங்கே எத்தனை வருடம் படித்தார், என்ன பரிசு வாங்கினார், பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறாரா, இதற்கெல்லாம் புள்ளி. அமெரிக்காவில் பதினெட்டு வயதில் பார்ப்பதை இங்கே ஐந்து வயதிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள்.

இந்த 25 வீதத்தில் நம் குடும்பங்கள் எங்கே நிற்கின்றன? 1948இல் நம் தாத்தா பாட்டியின் பிரஜாவுரிமை பறிபோனது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். அதுவரை ஒரு கட்டடம், ஒரு வாத்தியார் என்று நடந்தவைதான் அநேகம். நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டம் வந்து முடிந்தது 1988இலும் 2003இலும். இப்படி வந்த குடும்பத்திலே நகரப் பாடசாலையின் "பழைய மாணவர்" எத்தனை பேர் இருப்பார்கள்? இல்லாத அப்பாவின் சான்றிதழை எங்கிருந்து கொண்டுவருவது?

சரி, அருகில் வசிப்பவர்களுக்கான 50 வீதத்தில் கேட்கலாமே என்றால், அங்கே வாக்காளர் இடாப்பும் வீட்டு உரிமைப் பத்திரமும் கேட்கிறார்கள். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக் குடியேறியும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இன்னும் உண்டு. பாடசாலை வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற லயத்தில் நூறு வருடமாக இருந்தாலும் "வதிவிட ஆவணம் போதாது" என்று திருப்பி அனுப்ப இடமிருக்கிறது. காணி உறுதிக்கான போராட்டத்தை நாம் கல்விப் போராட்டம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள். மாவட்டத்துக்கு இத்தனை மருத்துவ இடம் என்று கணக்குப் போடும்போது தோட்டத்து மக்களின் தலைகளையும் எண்ணித்தான் போடுகிறார்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவும் அந்தக் கணக்கில் ஒருவர். ஆனால் அந்த இடங்களுக்குப் போட்டியிட, உயர்தரத்தில் உயிரியல், இரசாயனம், பௌதிகம் படித்திருக்க வேண்டும். விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைக்கு 1ஏபி என்று பெயர். நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல. எண்ணிக்கைக்கு நாம், இடத்துக்கு வேறு யாரோ.

இந்தப் பழைய மாணவர் ஒதுக்கீட்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சுவீடனில் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணமே இல்லை. அப்படியிருந்தும், 1950களில் பிறந்த மருத்துவர்களில் நூற்றுக்கு 6 பேரின் தாயோ தகப்பனோ மருத்துவர் என்றால், 1980களில் பிறந்தவர்களில் அது 20 பேர். டாக்டர் வீட்டில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்திலேயே பேசிக்கொள்வார்கள். நம் வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. அதனால்தான், நம் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகளை விடுமுறையில் இங்கே கூப்பிட்டுப் பேச வைக்கிறோம். தங்கச்சிமார் தம்பிமாருக்கு அவர்கள்தான் பழைய மாணவர் சங்கம்.

சங்கம் அதிகாரிகளிடம் வைக்கும் கோரிக்கைகள் வெளிப்படையானவை. பழைய மாணவர் பங்கைக் குறைக்க வேண்டும். உறுதி வரும்வரை, தோட்டத்தில் வசிப்பதற்கான அத்தாட்சியை முழுப் புள்ளியோடு ஏற்க வேண்டும். தோட்டப் பகுதிகளில் தமிழ்மொழி மூல விஞ்ஞானப் பிரிவுகளைக் கூட்டி, அவற்றுக்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் தர வேண்டும்.

அதுவரை பிள்ளைகளின் காலம் காத்திருக்காது. முதலாம் தரத்தில் கதவு மூடினாலும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் ஒரு வழி. அங்கே அப்பாவின் பாடசாலை எடுபடாது, வெட்டுப்புள்ளிதான். சாதாரண தரம் முடித்து உயர்தரத்துக்கு மாறுவது அடுத்த வழி. ஒன்பதாம் தரத்துப் பிள்ளை உள்ள பெற்றோர், பக்கத்தில் எந்தப் பாடசாலை 1ஏபி என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அடுத்த வருடம் முதலாம் தரம் போகும் பிள்ளை இருந்தால், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் பாருங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள்; காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேன்முறையீட்டுக்கு நாள் குறைவு. கடிதம் கிடைத்ததும் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள், மேன்முறையீட்டை நாம் சேர்ந்து எழுதுவோம்.