கடல் எல்லோருக்கும் பொது

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி, போனஸ், நிலம், ரேஷன் இவைகளைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று கடற்கரையைப் பற்றிப் பேசப் போகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவர் கடல் அலையில் கால் நனைப்பது பற்றிப் பேசப் போகிறோம். "இதற்கா ஒரு கூட்டம்?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இது நம் பிரச்சினைதான் என்பது விளங்கும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் யார்? இளம்பிள்ளை வாதம் வந்தவர் உண்டு. பிறவியிலேயே கால் விளங்காதவர் உண்டு. இவர்களோடு இன்னும் சிலரும் உண்டு. தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், கதிரடிக்கும் இயந்திரத்தில் காலைக் கொடுத்தவர், சாரம் சரிந்து கீழே விழுந்த கட்டிடத் தொழிலாளி, ஆலையில் பெல்ட் இழுத்துக் கொண்டு போனவர் ஆகியோரும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று வரை நம்மோடு நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். நாளை அந்த நாற்காலி நமக்கு வராது என்று நம்மில் யார் சொல்ல முடியும்?

2011-ம் வருஷத்து மக்கள் தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். இது குறைத்துக் காட்டிய கணக்கு என்று சொல்பவர்களும் உண்டு. குறைத்த கணக்கே இவ்வளவு! ஆலையில் அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. வயலில் அடிபட்டவருக்கு அதுவும் இல்லை. அவர் திண்ணையோடு முடங்க வேண்டியதுதான். கோயில் திருவிழாவா, ஊர்க் கூட்டமா, கடற்கரையா, எல்லாவற்றுக்கும் வீட்டார் போவார்கள். அவர் வீட்டைப் பார்த்துக் கொள்வார். "உனக்கெதற்கு அலைச்சல்?" என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பான வார்த்தை ஒரு பூட்டு.

மெரினாவில் என்ன நடந்தது?

சென்னை மெரினா கடற்கரை நமக்குப் புதிதல்ல. 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தியது சென்னைக் கடற்கரையில்தான். நான்கு உழைப்பாளிகள் பாறையை நெம்பித் தள்ளும் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் சிலை 1959 முதல் நிற்பதும் அங்கேதான். காசில்லாதவனும் ஒரு மாலை நேரம் ராஜாவைப் போல் காற்று வாங்கும் இடம் அது. டிக்கெட் கிடையாது, வாயிற்காவலன் கிடையாது. ஆனால் சக்கர நாற்காலிக்கு மட்டும் அங்கே ஒரு காவலன் இருந்தான். அவன் பெயர் மணல்!

சக்கர நாற்காலியின் முன் சக்கரங்கள் சிறியவை, ஒல்லியானவை. உடம்பின் பாரம் ஒல்லிச் சக்கரத்தில் இறங்கினால் அது மணலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். சேற்று வயலில் டிராக்டர் ஓட்டும் தோழர்களுக்கு இது புரியும். சாதாரண டயரோடு இறங்கினால் புதையும் என்பதால்தானே அகலமான இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறோம்! கடற்கரையிலும் அதே நியாயம்தான். ஒன்று, பலூன் போல் பருத்த டயர் போட்ட நாற்காலி வேண்டும். அல்லது மணல் மேல் கெட்டியான பாதை வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய இயக்கங்களும் இதைக் கேட்டார்கள். முதலில் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டித் தற்காலிகப் பாதை போட்டார்கள். சில நாள் இருக்கும், பிறகு எடுத்து விடுவார்கள். வருஷத்தில் சில நாள் மட்டும் கடல் பார்ப்பதா என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பர் 27-ல் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. சென்னை மாநகராட்சி சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய் செலவில் போட்டது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். பெசன்ட் நகர் கடற்கரைக்கும் இதே மாதிரிப் பாதை பிறகு எடுத்துக்கொள்ளப்பட்டது.

வயது முதிர்ந்தவர்கள் சிலர் வாழ்க்கையில் முதல் தடவையாக அலையின் ஓரத்துக்குப் போனது அந்தப் பாதையில்தான். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் அதுவரை ரோட்டிலிருந்து மட்டுமே கடலைப் பார்த்தவர்கள் அவர்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 9 இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. கடலோரத்துப் பகுதியில் பாதை பெயர்ந்து போயிற்று. "பார்த்தீர்களா, பணம் கடலில் போயிற்று" என்று கேலி பேசினார்கள். புயலில் ரோடும்தான் அரிக்கிறது, பாலமும்தான் உடைகிறது. அதற்காக ரோடே வேண்டாம் என்கிறோமா? பாதை செப்பனிடப்பட்டு மறுபடி திறக்கப்பட்டது. அதுதான் சரி.

பாதை மட்டும் போதுமா?

போதாது, தோழர்களே. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதான். மரப்பாதை இருக்கிறது, அதுவரை வருவது எப்படி? படி வைத்த பஸ்ஸில் நாற்காலி ஏறாது. ஆட்டோவுக்குக் கொடுக்கக் கூலிக்காரனிடம் காசில்லை. கோர்ட்டு வரை போய் வாதாடிய பிறகுதான், 2024 ஆகஸ்டில் சென்னையில் மீண்டும் தாழ்தளப் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. மற்ற ஊர்களின் கதி என்ன?

சரிவுப் பாதையிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். அரை அடி உயரத்தில் மூன்று படி இருந்தால் 18 அடிச் சரிவு. நம் ஊரில் பல இடங்களில் ஐந்தடியில் செங்குத்தாகச் சிமெண்டைப் பூசிவிட்டுப் "பாதை போட்டாகி விட்டது" என்று கணக்கு எழுதுகிறார்கள். பார வண்டியைச் செங்குத்தான கரையில் ஏற்றிப் பார்த்தவனுக்குத் தெரியும், அது ஏறும் வழியல்ல, கவிழும் வழி என்று!

கழிப்பிடத்தின் கதவு நாற்காலி நுழையும் அகலம் இல்லாவிட்டால், அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தண்ணீர் குடிக்கப் பயப்படுவார். காற்று தினமும் மணலைக் கொண்டு வந்து பாதை மேல் கொட்டும். தினமும் பெருக்க ஆள் வேண்டும். அந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். கால் நன்றாக உள்ளவர்கள் பாதையை அடைத்துக் கொண்டு நின்று படம் எடுக்காமல் இருக்க வேண்டும். இது சர்க்கார் வேலையல்ல, நம் வேலை.

தயவா, உரிமையா?

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமுலில் இருக்கிறது. பொதுக் கட்டிடங்கள் எல்லாவற்றையும், விதிகள் வந்த ஐந்து வருஷத்துக்குள், எல்லோரும் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்கிறது அதன் 45-வது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்து விட்டது! பொழுதுபோக்கில் பங்கு கொள்வதைப் பற்றியும் அந்தச் சட்டத்தில் 29-வது பிரிவு இருக்கிறது. 2024 நவம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? விதிகள் வெறும் சிபாரிசு போல் இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று.

ஆகவே இது பிச்சையல்ல. எட்டு மணி வேலை கேட்டபோது, மீதி நேரம் மனிதனாக வாழ்வதற்கு என்றுதானே கேட்டோம்? அந்த மீதி நேரம் வேலையில் கால் இழந்தவனுக்கு மட்டும் இல்லையா?

"ஒரு சிலருக்காக ஒரு கோடியா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். மீட்டருக்குச் சுமார் 43 ஆயிரம் ரூபாய். கோலூன்றிய கிழவனுக்கும், கர்ப்பிணிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் அதே பாதைதான் உதவுகிறது.

தமிழ்நாட்டுக் கடற்கரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. நாகப்பட்டினத்தில் கடல் இல்லையா? தூத்துக்குடியில் இல்லையா? தஞ்சை ஜில்லா விவசாயத் தொழிலாளி கடல் பார்க்கச் சென்னைக்கா போக வேண்டும்?

நாம் செய்ய வேண்டியது இதுதான். சங்கம் பஸ் பிடித்து எங்கே போனாலும், அடிபட்டு வீட்டில் கிடக்கும் தோழரை முதலில் கூப்பிடுங்கள். போகிற இடத்தில் சரிவை அளந்து பாருங்கள். கதவை அளந்து பாருங்கள். பஸ்ஸின் படியைப் பாருங்கள். இல்லாததை எழுதி நகராட்சிக்கும் கலெக்டருக்கும் மனுக் கொடுங்கள். பதில் வராவிட்டால், கூலிக்கு எப்படிக் கேட்போமோ அப்படிக் கேளுங்கள். மனுவில் முதல் கையெழுத்து அந்த நாற்காலித் தோழருடையதாக இருக்கட்டும்.

கடலுக்கு வேலி கிடையாது. கரைக்கும் வேண்டாம்!