பாடத்தைப் பதிவு செய்ய எந்தக் கோப்பு?

(மாலை வகுப்பு ஆசிரியர்கள், பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை லேப்டாப் திரையில் நடத்தி, குரலோடு பதிவு செய்து வீடுகளுக்குக் கொடுக்க இருக்கிறோம். மாலையில் வெளியே வர இயலாத பெண் பிள்ளைகளும், கடையில் அத்தாவுக்குத் துணையாக நிற்கும் பையன்களும் பாடத்தை இழக்கக் கூடாது என்பதே நோக்கம்.

2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, மறு ஆண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எவ்வளவு உதவியது என்பதை நாம் அறிவோம். அங்கே ஸ்டுடியோ உண்டு, ஆட்கள் உண்டு. நம்மிடம் இருப்பது பேட்டரி தளர்ந்த லேப்டாப்பும் ஒரு மைக்கும்தான். திருநாவலூரில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே, எந்தக் கோப்பு வடிவத்தில் பதிவு செய்கிறோம் என்பது முக்கியமாகிறது.

வீடியோ கோப்பு என்பது ஒரு பெட்டி. படமும் குரலும் அதற்குள் இருக்கும் சரக்கு. எம்.பி.4, எம்.கே.வி. என்பவை பெட்டியின் பெயர்கள்.

சாதாரண எம்.பி.4 பெட்டியில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதுவார்கள். நாற்பதாவது நிமிடத்தில் லேப்டாப் அணைந்தால் அட்டவணை இல்லை, கோப்பு திறக்காது. நாற்பது நிமிடமும் போய்விடும். எம்.கே.வி. அப்படியில்லை. சரக்கைச் சிறு சிறு கட்டுகளாக எழுதிக்கொண்டே போகும். பாதியில் நின்றாலும், அதுவரை பதிவானது ஓடும்.

ஆனால் எம்.கே.வி. கோப்பு எல்லா வீட்டு டி.வி.யிலும் போனிலும் ஓடாது. எம்.பி.4 ஏறத்தாழ எங்கும் ஓடும். ஆகவே நமது முறை இதுதான்: பதிவு எம்.கே.வி.யில், விநியோகம் எம்.பி.4-ல்.

ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசம். அதன் செட்டிங்ஸில், அவுட்புட் பகுதியில் எம்.கே.வி. என்று வையுங்கள். பாடம் முடிந்ததும், ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் மூலம் எம்.பி.4 ஆக்குங்கள். பெட்டி மட்டுமே மாறுவதால் படத்தின் தரம் குறையாது. வேலையும் சீக்கிரம் முடியும். புதிய எம்.பி.4-ஐ கடைசி வரை ஓட்டிப் பார்க்கும் வரை பழைய கோப்பை அழிக்காதீர்கள். 2024-ல் வந்த 30.2 பதிப்பில், பாதியில் நின்றாலும் பிழைக்கும் ஹைப்ரிட் எம்.பி.4 வசதி உண்டு. நம் பழைய லேப்டாப்களுக்கு எம்.கே.வி.யே போதும்.

உள்ளே இருக்கும் சரக்குக்கு எச்.264 முறையைத் தேர்ந்தெடுங்கள். எச்.265-ல் கோப்பு சிறிதாகும். ஆனால் பழைய போன்கள் பல அதைக் காட்டாது. எழுத்தும் கணக்கும் நகராமல் நிற்கும் திரைக்கு 1000 கே.பி.பி.எஸ். போதும். குரலையும் சேர்த்து, 45 நிமிடப் பாடம் சுமார் 380 எம்.பி. வரும். 2500 வைத்தால் 880 எம்.பி.யைத் தாண்டும். ரீசார்ஜ் செய்யும் பெற்றோருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும், எழுத்து மங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். பென்டிரைவில் கொடுப்பதானால், ஃபேட்32 முறையில் உள்ளதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

போனிலேயே திரையைப் பதிவு செய்பவர்கள் முழு சார்ஜ் வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தொடங்குங்கள். இடையில் கெட்டாலும் ஒரு துண்டு மட்டுமே போகும்.

ஊதியம் வாங்காமல் ஆசிரியர்கள் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம் கையில் உள்ள அமானத். அதைச் சேதமில்லாமல் பிள்ளைகளிடம் சேர்ப்பது நம் பொறுப்பு. இன்ஷா அல்லாஹ், அதைச் சரியாகச் செய்வோம்.

வஸ்ஸலாம்.