மாந்தவுரிமைப் பாடத்திற்குக் கருவி எங்கே?

(திருவொற்றியூரில் கூடிய தமிழாசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உலகச் சிக்கல்களையும் மாந்தவுரிமைகளையும் பள்ளிப் பிள்ளைகட்குக் கற்பித்தற்கு எத்தகைய கருவிகள் வேண்டும் என்பதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கருவி என்றவுடன் நம்மவர் நினைவு எங்கே ஓடுகின்றது? வழவழப்பான தாளில் அச்சிட்ட ஆங்கில வண்ணப் படங்களுக்கும் திரையிற் காட்டும் குறும்படங்களுக்குமே ஓடுகின்றது. அவை கிடைக்காவிடின் இப்பாடம் நடத்தவியலாது என்று கைவிரிப்போரும் நம்முள் உளர். கிடைத்த பள்ளிகளிலோ, ஆண்டுதோறும் திசம்பர் 10-ஆம் நாள் காலைக் கூட்டத்தில் ஒரு மாணவன் உறுதிமொழி படிப்பான்; ஏனையோர் வெயிலில் நின்று கைநீட்டித் திருப்பிச் சொல்வர்; மணி அடிக்கும். மாந்தவுரிமை அடுத்த திசம்பர் வரை உறங்கப் போய்விடும்.

பிறரைக் குறை கூற வந்தேனல்லேன். யானும் பல்லாண்டு அவ்வாறே செய்தவன். உலக மாந்தவுரிமை அறிவிப்பு எந்த ஆண்டு வெளியிடப்பெற்றது? 1948. அதன்கண் எத்தனை கூறுகள்? 30. சரியாக எழுதியவர்க்கு இரண்டு மதிப்பெண்.

2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் விடியற்காலை எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கடலில் கொட்டிய எண்ணெய் கரிய கூழாகக் கரையேறியது. கப்பல் கட்டவும் வானூர்தி விடவும் வல்ல நாட்டில், அதனை அள்ளுதற்கு வாளியே கிடைத்தது! எர்ணாவூர்க் கரையில் மீனவரும் மாணவரும் தொண்டரும் வரிசையாக நின்று கைக்குக் கை வாளி மாற்றி அள்ளினர்.

அக்கிழமையில் என் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரைச் சுவடியைக் கொண்டுவந்தாள். பக்கமெங்கும் கரிய விரற்சுவடுகள். "கையைக் கழுவிக்கொண்டு வரக்கூடாதா?" என்று கடிந்தேன். "கழுவினேன், ஐயா. மண்ணெண்ணெய் தேய்த்தும் போகவில்லை" என்றாள். அவள் தமையன் வாளி சுமந்தவருள் ஒருவன். அவன் உடைகளைத் துவைத்தவள் இவள். ஒரு திங்களுக்கு முன்னர்த்தான், '30' என்று அவள் எழுதிய விடைக்கு இரண்டு மதிப்பெண் இட்டிருந்தேன். அந்த முப்பதனுள் அவள் கைக்கும் ஓரிடம் உண்டென்பதை அவளுக்குச் சொன்னேனா? சொல்லவில்லை. எனக்கே அது தோன்றவில்லை.

அன்றுதொட்டுக் கருவியை அயலிடத்தில் தேடுவதை விட்டேன். முதற் பாடம் அவ்விரு கப்பல்களைப் பற்றியே அமைந்தது. மோதிய கப்பல்களுள் எரிவளிக் கப்பல் மான் தீவின் கொடி தாங்கியது என்று செய்தித்தாளில் வந்திருந்தது. மான் தீவு எங்குளது என்று ஒரு பையன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. 'தெரியாது' என்று பிள்ளைகள் முன் சொல்வதும் ஒரு பாடந்தான் என்று இப்போது கருதுகின்றேன்; அன்றோ நாணமாக இருந்தது. நிலப்படத்தை விரித்துத் தேடிப் பிரித்தானியத்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஒரு சிறு புள்ளியாக அதனைக் கண்டோம். அத்தீவின் கொடி எண்ணூருக்கு ஏன் வந்தது? உடையவர் ஓரிடத்தவராகவும், பதிவு வேறிடத்ததாகவும், சரக்கு மற்றோரிடத்ததாகவும் கப்பல் ஓட இயலுமா? கரையில் எண்ணெய் ஒதுங்கினால் யாரைக் கேட்பது? வினாக்கள் இவ்வாறு கிளைத்தன. உலக வணிகம் என்னும் பெரும்பாடம் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வகுப்பினுள் வந்துவிட்டது.

அடுத்து, அந்த உரிமை அறிவிப்பையே கையில் எடுத்தோம். தமிழில் அதனைப் 'பிரகடனம்' என்றே அச்சிடுகின்றனர். உரிமையைச் சொல்லும் ஓலைக்குப் பிள்ளைகளின் நாவில் நுழையாத பெயர்! 'அறிவிப்பு' என்று மாற்றிக்கொண்டோம். அதன் முதற்கூறு வரையப்பெற்ற காலத்தில், ஆங்கிலத்தில் ஆடவரை மட்டும் குறிக்கும் சொல் நின்றதாகவும், இந்தியப் பேராளராகச் சென்ற அம்மையார் அன்சா மேத்தா அதனை மாந்தர் அனைவரையும் குறிக்கும் சொல்லாக மாற்றுவித்ததாகவும் வரலாறு. 'மாந்தர்' என்பது பலர்பால். ஆணும் பெண்ணும் அதனுள் அடக்கம். தமிழில் எழுதத் தொடங்கியிருப்பின் அந்த அம்மையார்க்கு அவ்வுழைப்பு வேண்டியிருந்திராது என்று சொன்னபோது மாணவியர் கைதட்டினர். இலக்கணப் பாடத்திற்கு எனக்குக் கிடைத்த முதற் கைதட்டல் அது.

பின்னர் ஒவ்வொருவரும் ஒரு கூறினைத் தம் சொல்லில் எழுதிவரல் வேண்டும் என்றேன். ஓய்வும் அளவான வேலைப்பொழுதும் பற்றிய 24-ஆம் கூறினைக் காசிமேட்டுப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டான். இறால் உரிக்கச் செல்லும் தன் தாய்க்குக் கிழமையில் ஒருநாளாவது மீன் நாறாத கை வேண்டும் என்று எழுதியிருந்தான். அவன் எழுத்தில் ஒற்றுப்பிழை ஏழு. அன்று யான் சிவப்பு மையைத் தொடவில்லை.

சொல்லே கருவியாவதற்கு இன்னொன்று காட்டுவேன். நம் பகுதிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் வைதுகொள்ளும் சொற்களுள் 'புறம்போக்கு' என்பதும் ஒன்று. ஒருநாள் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டினேன். வரி விதிப்பிற்குப் புறமாக, ஊர்ப்பொதுவுக்கென விடப்பட்ட நிலம் அது. ஏரியும் குளமும் மேய்ச்சல் வெளியும் ஆற்றங்கரையும் சுடுகாடும் புறம்போக்கே. யார்க்கும் உரியதை யார்க்கும் உதவாதது என்று எண்ணத் தொடங்கியபோது, சொல் வசையாயிற்று, நிலம் குப்பைமேடாயிற்று. கொசத்தலையாற்றுக் கழிமுகத்தின் கதையும் இதுவே. பழைய நிலப்படத்தையும் இற்றைச் செயற்கைக்கோட் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் செய்யுங்கள். அலையாத்தியும் உப்பளமும் நீர்ப்பரப்பும் இருந்த இடங்களில் நிலக்கரி முற்றமும் சாம்பற் குளமும் இருப்பதை அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள். 2017-இல் இசைவாணர் டி. எம். கிருட்டிணா இச்சொல்லையே பெயராகக் கொண்ட பாடலைச் சென்னைப் பேச்சுத் தமிழில், எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிக் காட்சிப்படமாக வெளியிட்டார். கொச்சையை யான் போற்றுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். எனினும் அப்பாடலை வகுப்பில் இருமுறை போட்டுக் காட்டினேன்.

இனி, எளிதல்லாத ஒன்றுக்கு வருகின்றேன்.

2023-ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கால்வாயிலும் ஆற்றிலும் பரவிப் படகையும் வலையையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. அது காயுமுன்னரே, அதே திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றனர். பள்ளி திறந்தபின் மீனவப் பிள்ளைகள் கொதித்துப் பேசினர். ஆலைகளை எல்லாம் மூடவேண்டும் என்று ஒருவன் மேசையைத் தட்டினான். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, "மூடினால் எங்கப்பா வேலை போய்விடுமே, ஐயா?" என்றான். அவன் தந்தையார் ஆலையொன்றில் ஒப்பந்தக் கூலி.

வகுப்பு அடங்கிவிட்டது. யான் என்ன விடை கூறுவது? இரண்டு பிள்ளைகளும் என் பிள்ளைகள். ஒருவன் கேட்பது மூச்சு. மற்றவன் கேட்பது சோறு. உரிமைப் பாடநூல்கள் பல இவ்விடத்தை வந்தடைவதே இல்லை. கொடியவன் ஒருவனையும் நல்லவன் ஒருவனையும் வரைந்து காட்டி முடித்துக்கொள்கின்றன. அன்று மணி அடித்ததால் தப்பினேன்.

மறுநாள் சப்பான் நாட்டு மினமாட்டாவின் கதையைச் சொன்னேன். அதுவும் மீனவர் ஊர். வேதித் தொழிற்சாலை ஒன்று வளைகுடாவில் விட்ட கழிவிலிருந்த இதளியம் மீனில் ஏறியது. மீன் தின்ற பூனைகள் வெறிகொண்டு ஆடிச் செத்தன. பின்னர் மாந்தர் நரம்பு தளர்ந்து வீழ்ந்தனர். 1956-ஆம் ஆண்டு மே முதல் நாள் அந்நோய் முறையாகப் பதிவாயிற்று. ஆயினும் 1968 வரை கழிவு நிற்கவில்லை. ஊரே ஆலையால் உண்டது. ஆதலின் நோயாளரை ஊராரே ஒதுக்கினர். அந்த 1968-இல், ஆலைத் தொழிலாளர் சங்கம் ஒன்று, நோயுற்றவர்க்காக இதுவரை போராடாமல் இருந்தமைக்கு நாணுகின்றோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. இதனை யான் சொன்னபோது பின்வரிசைச் சிறுவன் கேட்டான்: "அப்படி அறிவித்தவர்களுக்கு வேலை போயிற்றா?" அதற்கு விடை தேடித் தருவதாகச் சொல்லியிருக்கின்றேன், இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றேன்.

சட்டத்தையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். ஆனால் எண்களாக அன்று. மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையுள் அடங்கும் என்று உச்ச நயன்மன்றம் 1991-இல் கூறியது. நம் வேலூர் மாவட்டத் தோல் ஆலைக் கழிவு வழக்கில், 1996-ஆம் ஆண்டு, மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டமாக ஏற்றது. ஆலையை மூடுவதா வேண்டாவா என்று மட்டுமே வாதிட்ட என் மாணவர்க்கு, ஆலை ஓடவும் வேண்டும், அது நஞ்சு கக்காமலும் இருக்கவேண்டும் என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு என்பது புதிய செய்தியாக இருந்தது. 2022-ஆம் ஆண்டு சூலை 28-இல் ஐ.நா. பொதுப்பேரவை, தூய சூழல் மாந்தவுரிமையே என முடிபு செய்தது, இசைந்த நாடுகள் 161, இந்தியாவும் அவற்றுள் ஒன்று, எதிர்த்தது ஒன்றுமில்லை, 8 நாடுகள் ஒதுங்கி நின்றன.

ஆயத்தமான நூல்களே இல்லையோ எனின், உண்டு. மதுரை மக்கள் கண்காணிப்பகத்தார் 1997-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கி, நடுநிலை வகுப்புகட்குத் தமிழில் நூல்கள் ஆக்கினர். பின்னர்ப் பிற மாநிலங்களுக்கும் அது சென்றது. 'மனித' என்பதனை 'மாந்த' என்றிருக்கலாமே என்று என் நா துடிக்கின்றது. போகட்டும், பணி நல்ல பணி. அந்நூல்களைத் தேடிப் பெற்றுப் பயன்கொள்க. ஆனால் அவற்றை அப்படியே ஒப்புவிக்கச் செய்துவிடாதீர்கள்.

ஒரு செய்தி மறைப்பதற்கில்லை. என் மாணவர் எழுதியவற்றைப் பள்ளிச் சுவரிதழாக ஒட்ட முயன்றபோது, 'மேலிடத்தார் வருகின்ற பொழுது இஃது எதற்கு?' என்று எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன். எதிர்த்து நின்றேன் என்று சொல்ல ஆசைதான், நின்றிலேன். அத்தாள்கள் என் வீட்டுப் பரணில் ஒரு பழைய வேட்டியில் கட்டிக் கிடக்கின்றன. இன்று அக்கட்டை உடன் கொண்டுவந்துள்ளேன். தேநீர் இடைவேளையில் பிரித்துப் பாருங்கள். இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, மணலிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் தத்தம் பிள்ளைகளிடமும் இவ்வாறு எழுதி வாங்கி, அடுத்த திங்கட் கூட்டத்திற்குக் கொணர்வீர்களாயின், ஓராண்டில் நம் கடற்கரைக்கென்று ஒரு நூல் கட்டிவிடலாம். தாள்களைப் புரட்டும்போது, அந்தக் கரிய விரற்சுவடு பதிந்த பக்கத்தை மட்டும் மெல்லத் தொடுங்கள், ஓரம் கிழிந்துவருகின்றது.