ஆய்வுக்கூடத்தின் வாயிற்படி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அயல் மாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில் கோடை பிறந்தால் ஊர்ப் பயணத்தைப் பற்றிய பேச்சே மிகுந்திருக்கும். இப்பொழுது அதனுடன் மற்றொரு பேச்சும் சேர்ந்துள்ளது. அறிவியல் பயிலும் நம் பிள்ளைகள் விடுமுறையில் ஆராய்ச்சிக் கூடங்களில் பயிற்சி பெற விழைகின்றனர். பெங்களூர், புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகளும் இணைந்து, மாணவர்க்கு இரு திங்கள் கோடை ஆய்வுப் பயிற்சி அளித்து வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட பாடத்திட்ட அமைப்பும் இத்தகைய பயிற்சிக்கு இடம் தந்துள்ளது. வாயில் திறந்திருக்கிறது. கல்லூரிப் பாடம் நம் பிள்ளைகளை அதனுள் நுழையத் தகுதியுடையவராக்குமா என்பதே வினா.

ஆக்கும் என்பதே எமது துணிபு. ஆனால் அப்பாடத்தை முறையாகப் பயில வேண்டும்.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று புத்தகம் கூறுகிறது. மாணவனுக்கு 9.5 கிடைக்கிறது. உடனே அவன் எண்களைத் திருத்தி, 9.8 வருமாறு குறிப்பேட்டை நிரப்பிவிடுகிறான். மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, கல்வி நழுவிவிடுகிறது. ஏன் குறைந்தது என்று அவன் வினவியிருந்தால், நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரையில் அளந்தோமா, ஊசலை மிக அகலமாக வீசவிட்டோமா என்று ஆராய்ந்திருப்பான். காலத்தை அளப்பதில் நூற்றில் ஒரு பங்கு பிழைத்தால், விடையில் ஏறத்தாழ இரு பங்கு பிழைக்கும் என்பதையும் கண்டிருப்பான். விடை முன்கூட்டியே தெரியாத இடந்தான் ஆராய்ச்சிக்கூடம். அங்கே திருத்தி எழுதப் புத்தகம் இல்லை. பிழையை அறியும் பழக்கமே துணை.

நம்மைப் போன்று இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில், 1910-இல் இலாகூரில் பிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் அலுவல் புரிந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, 1928-ஆம் ஆண்டுக் கோடையில் கல்கத்தாவில் இராமனுடைய ஆய்வுக்கூடத்தில் அவர் பயின்றார். அவ்வாண்டே ஜெர்மானிய அறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய நூலைக் கற்றிருந்த மாணவர் சென்று கண்டபோது, அந்நூலுக்குப் பின் இயற்பியலே மாறிவிட்டதென அறிஞர் உரைத்துத் தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியையும் அளித்தார். மறு ஆண்டே மாணவரின் கட்டுரை இலண்டன் இராயல் கழகத்து ஏட்டில் வெளிவந்தது. 1983-இல் நோபெல் பரிசும் அவரை அடைந்தது. கற்ற செய்தி பழையதாயிற்று. கற்றபோது பெற்ற கணிதப் பயிற்சியோ புதியதைத் தாமே படித்தறிய உதவிற்று. பாடத்தின் பயன் இதுவே.

மாணவர்களே! சிறிய கல்லூரியில் பயில்கிறோமே என்று உளம் தளரற்க. ஊசல் எங்கும் ஒன்றே. கண்டதைக் கண்டவாறு அன்றன்றே நாளிட்டு எழுதுங்கள். கணிதத்தையும் புள்ளியியலையும் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். உங்கள் உழைப்பை நேரில் கண்ட ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் பெருந்துணையாகும்.

பெற்றோர்களே! "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதோடு நில்லாமல், "இவ்வாரம் எதை அளந்தாய்?" என்றும் கேளுங்கள். மேலும் ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டிலிருந்து பயிற்சிக்காக நம் நகருக்கு வரும் மாணவ மாணவியர்க்கு மொழியும் புதிது; உணவும் புதிது. இரு திங்களுக்குத் தங்க இடந்தேடித் தர நம் சங்கம் முன்வரலாம்; ஞாயிறுதோறும் ஓர் இல்லம் விருந்தளிக்கலாம். இடமின்மையால் ஒரு பிள்ளை கிடைத்த வாய்ப்பைக் கைவிட நேர்ந்தால், அக்குறை நம்மையும் சாரும்.

அறிவியல் வளர்க! தமிழ்க் குடும்பங்கள் தழைக்க!