வேகப் படச்சுருளும் கழுவும் மருந்தும்



எனது மேசை இலாச்சியிலே ஒரு கறுப்பு வெள்ளை நெகற்றிவ் சுருள் கிடக்கின்றது. எமது பாடசாலையிலே நீண்ட காலம் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் பிரியாவிடை மாலையில் நான் எடுத்தது அது. மண்டபத்தில் இரண்டு குழல்விளக்குகளே எரிந்தன. மின்வெட்டொளி பேசுபவரின் கவனத்தைக் குலைக்கும் என்று அதனைத் தவிர்த்து, 400 வேகமுள்ள படச்சுருளை 1600 வேகமுள்ளதெனக் கொண்டு படம் பிடித்தேன். மாலை தெரிகின்றது, வெள்ளைச் சட்டை தெரிகின்றது. அவரது கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிலிமே உண்டு. அவர் இன்று நம்மிடையே இல்லை.

பிழை என்னுடையதே. வேகப் படச்சுருளில் மணி பருமனாகத் தோன்றுமென அஞ்சி, நுண்மணி தரும் மருந்தொன்றைத் தெரிந்தெடுத்தேன். வேகப் படச்சுருளிலுள்ள வெள்ளி உப்பின் பளிங்குகள் பெரியவை. பெரியவையாதலாலேதான் சிறிதளவு ஒளியையும் அவை பற்றிக் கொள்கின்றன. நுண்மணி மருந்துகளோ அம்மணிகளின் ஓரங்களைக் கரைத்து மென்மையாக்கி, அதற்கு விலையாகப் படச்சுருளின் வேகத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொள்கின்றன. ஏற்கெனவே வேகத்தைக் கடன் வாங்கியிருந்த நான் அவ்விலையை எங்ஙனம் கொடுப்பேன்?

அப்படியாயின் எதனைத் தெரிவது? இல்போர்ட் எச்.பி. 5 பிளஸ், கொடாக் ட்றை-எக்ஸ் போன்றவற்றை அவற்றுக்குரிய 400 வேகத்திலேயே எடுப்பவர் அதிகம் அலைய வேண்டியதில்லை. டி-76 என்னும் பழைய மருந்து போதும். ஒரு லீற்றரில் மெற்றோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஐதரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். இவ்வளவே. இல்போர்ட்டின் ஐ.டி.-11 இதற்கு ஒப்பானது. சம அளவு நீர் கலந்தால் சல்பைற்றின் கரைக்கும் ஆற்றல் குறைந்து, மணி சற்றுத் துலங்கினாலும் உருவம் கூர்மை பெறும். எனக்கு அதுவே பிடிக்கும்.

மங்கிய ஒளியில் 1600 என எடுப்பவருக்கு மெற்றோலுக்குப் பதிலாகப் பெனிடோன் சேர்ந்த மைக்றோபென் ஏற்றது. எச்.பி. 5 பிளஸை 20 பாகை செல்சியசில் ஐ.டி.-11 இல் 14 நிமிடம் கழுவ வேண்டும். மைக்றோபென்னில் 11 நிமிடம் போதும். நிழற்பகுதியும் சிறிது கூடுதலாக எஞ்சும். சிறிது என்றே சொல்கின்றேன். நேரத்தைக் கூட்டினால் சட்டையின் வெண்மைதான் மேலும் ஏறுமேயன்றி, ஒளியே படாத கண்ணை எம்மருந்தும் படைக்காது. 1891 இல் வெளிவந்த றொடினாலைச் சிலர் போற்றுவர். மெதுவான படச்சுருளுக்கு அது அழகே. இத்தகைய வேலைக்கு நான் அதனை நாடேன்.

நமது வெப்பத்தையும் எண்ண வேண்டும். குழாய்நீர் 30 பாகையை அண்மிக்கும் நாளிலே கழுவும் நேரம் மிகச் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்திற்குக் குறைந்தால் படம் திட்டுத் திட்டாகும். ஆகவே நீர் கலந்து நேரத்தை நீட்டக்கூடிய மருந்தே நமக்கு உதவும். போத்தலை ஐஸ் கட்டி இட்ட தாச்சியில் வைத்துக் குளிர்விக்கலாம். அலசும் நீரையும் உடன் குளிர்விக்க மறவாதீர்கள்; திடீரென வெந்நிலை மாறினால் படச்சுருளின் மேற்படை வலைபோற் சுருங்கிவிடும்.

வரும் தமிழ்த்தின விழாவிலே எம் மாணவரின் நாடகம் உண்டு. மேடைக்கு மூன்று விளக்குகள். ஒத்திகையன்றே அதே ஒளியில் அரைச் சுருள் எடுத்து மைக்றோபென்னில் கழுவிப் பார்க்கவிருக்கின்றேன். கண்கள் தெரியாவிடின், நான்காவது விளக்கொன்றைக் கேட்டு வாங்குவேன்.