கொடுத்த தர்மமா? சொன்ன உண்மையா?



நெருக்கடி வந்தால் ஒரு கம்பெனியின் பேரைக் காப்பாற்றுவது அது செய்த தர்மமே என்று எதிரணி அம்மா பேசினாங்க. பள்ளிக்கூடம் கட்டினாங்களாம், மரம் நட்டாங்களாம். நல்லதுதான், செய்யட்டும். பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு 2 ரூபாய் சமூகத்துக்குச் செலவழிக்கணும்னு நம்ம 2013 கம்பெனிச் சட்டமே சொல்லுது.

நான் ஒன்று கேட்கிறேன். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுக்கிறோம். அவர் அசந்த நேரம் திருடன் புகுந்துட்டான். உடனே போன் பண்ணிச் சொல்லணுமா இல்லையா? சொல்லாம, நாற்பது நாள் கழித்து வந்து, "கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவன் சார் நான்" என்றால் விடுவோமா? (சிரிப்பு)

இது கதை இல்லை நடுவர் அவர்களே. அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்று ஒரு கம்பெனி. யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று கணக்கு வைத்து வங்கிகளுக்குச் சொல்வது அதன் தொழில். அவர்கள் வைத்திருந்த சாஃப்ட்வேரில் ஓட்டை இருக்கு, அடையுங்கள் என்று 2017 மார்ச்சிலேயே எச்சரிக்கை வந்தது. அடைக்கவில்லை. மே மாதம் திருடன் புகுந்தான். ஜூலை 29-ல் கண்டுபிடித்தார்கள். ஜனங்களுக்குச் சொன்னது செப்டம்பர் 7-ல்! எண்ணிப் பாருங்க, சரியா 40 நாள். (கைதட்டல்)

பறிபோனது சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரம். பேர், முகவரி, பிறந்த தேதி! பூட்டு போனா வேற பூட்டு வாங்கலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா? பெத்த அம்மாவாலேயே முடியாதே! (சிரிப்பு)

விசாரிக்க நேரம் வேண்டாமா என்பார்கள். வேணும். ஆனா அந்த 40 நாளில் தெரிந்திருந்தால், "என் பேரில் யாருக்கும் கடன் கொடுக்காதீங்க"ன்னு அந்த ஏழை மனுஷன் தடுத்து வைத்திருப்பானே! கடைசியில் தலைமை அதிகாரி பதவியை விட்டுப் போனார். 2019-ல் குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

இதே அமெரிக்காவில், 1982-ல், சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரையில் யாரோ விஷம் கலந்து 7 பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி மறைக்கவில்லை. "சாப்பிடாதீங்க" என்று ஊருக்கே சொல்லி, சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்ப வாங்கியது. அந்த மாத்திரை இன்றும் கடையில் விற்கிறது. (கைதட்டல்)

நம்ம மதுரையைப் பாருங்க. சிலம்பு உடைந்தது, மாணிக்கப் பரல் தெறித்தது. நான் எத்தனை தானம் செய்தவன் தெரியுமான்னு பாண்டியன் பட்டியல் படித்தானா? அந்தச் சபையிலேயே தன் தவறை ஒப்புக்கொண்டான். உயிர் போச்சு, பேர் போகலை! (பலத்த கைதட்டல்)

தர்மம் லாபத்திலிருந்து கொடுப்பது. உண்மை நஷ்டம் வந்தாலும் சொல்வது. ஆகவே, பேரைக் காப்பது சொன்ன உண்மையே, அதுவும் உடனே சொன்ன உண்மையே என்று கூறி அமர்கிறேன்.